மூலக்கூறு மாதிரிப் பெட்டி: கார்பனுக்கு வாங்கலாம், உப்புக்கு வேண்டாம்

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற, கலர் கலராகப் பிளாஸ்டிக் உருண்டைகளும் குச்சிகளும் கொண்ட மூலக்கூறு மாதிரிப் பெட்டி, கரிம வேதியியல் படிக்கிற பிள்ளைக்கு நல்ல பொருள். வேதிப்பிணைப்பு என்றால் என்ன என்று புரியவைப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் பாதிக் கிணறுதான் தாண்டும். பெட்டியின் மேலே எல்லா வகைப் பிணைப்புகளையும் செய்து பார்க்கலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. கம்பெனி பெயர் சொல்லவில்லை, இந்த விலையில் வருகிற பெட்டிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கின்றன, பெயர் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டில் வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். பெட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்த பிறகு எழுதுவது இது, பிரித்த அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போடுகிற ரகம் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்றால், நான்கு துளை போட்ட கறுப்பு உருண்டைகள் கார்பன், ஒரு துளை போட்ட வெள்ளை ஹைட்ரஜன், இரண்டு துளை போட்ட சிவப்பு ஆக்சிஜன், மூன்று துளை போட்ட நீலம் நைட்ரஜன், பச்சை குளோரின், மஞ்சள் கந்தகம். அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒன்றிரண்டு உருண்டை, அது 'உலோகம்' என்று துண்டுச் சீட்டில் எழுதியிருக்கிறது. எந்த உலோகம் என்று கேட்கக்கூடாது போல. ஒற்றைப் பிணைப்புக்கு விறைப்பான குட்டைக் குச்சி, இரட்டை, முப்பிணைப்புக்கு வளைகிற நீளக் குச்சி. குச்சியைப் பிடுங்க ஒரு சின்ன நெம்பியும் உண்டு, அதைத் தொலைத்துவிடாதீர்கள், நகம் போய்விடும்.

இந்த நிறங்கள் யாரோ ஒரு பொம்மை கம்பெனிக்காரர் உட்கார்ந்து யோசித்தவை அல்ல. 1865-ல் ஹோஃப்மான் என்கிற ஜெர்மானிய வேதியியலாளர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு சொற்பொழிவு நடத்தினார், அப்போது குரோக்கே ஆட்டத்துக்கான மரப்பந்துகளுக்குப் பெயின்ட் அடித்துக் குச்சியால் இணைத்துக் காட்டினார். கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை என்பது அப்போதே வந்துவிட்டது. ஆனால் அவர் செய்த மீத்தேன் தட்டையானது, நான்கு ஹைட்ரஜனும் ஒரே தளத்தில் கூட்டல் குறி மாதிரி நின்றன. கார்பனின் நான்கு கைகளும் நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கிப் போகின்றன என்று வான்ட் ஹாஃப், லெ பெல் என்கிற இரண்டு வேதியியலாளர்கள் தனித்தனியாகச் சொன்னது 1874-ல். நம் ஐந்நூறு ரூபாய்ப் பெட்டியில் அந்த 109.5 டிகிரி துளையிலேயே இருக்கிறது, இதற்கே பாதிக் காசு செரித்துவிட்டது என்று சொல்வேன். கரும்பலகையில் எத்தனை முறை ஆப்பும் கோடும் போட்டு மீத்தேன் வரைந்தாலும் தலையாட்டுகிற பிள்ளை, இதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்ததும் "மிஸ், எப்படிப் போட்டாலும் மூன்று காலில் நிக்குது" என்று தானாகச் சொல்கிறது.

சகப்பிணைப்பு என்றால் இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்வது, ஒரு குச்சி என்றால் ஒரு ஜோடி. 1916-ல் லூயிஸ் என்கிற அமெரிக்க வேதியியலாளர் சொன்ன இந்தக் கணக்கைப் பெட்டி அப்படியே பின்பற்றுகிறது. துளை எத்தனையோ இணைதிறன் அத்தனை, எல்லாத் துளையும் அடைபட்டால் மூலக்கூறு முடிந்தது. அணுவின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிரம்ப வேண்டும் என்கிற எட்டு எலக்ட்ரான் விதியை மனப்பாடம் செய்யாத பிள்ளைகூட எத்தனாலையும் அசெட்டிக் அமிலத்தையும் சரியாகக் கட்டிவிடும், ஏனென்றால் தப்பாகக் கட்டினால் ஒரு துளை மிச்சம் நிற்கும். மாற்றியங்களுக்கு, அதாவது அதே அணுக்களை வேறு விதமாக இணைத்தால் வருகிற வேறு பொருள்களுக்கு, இதைவிட நல்ல கருவி கிடையாது. இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் கொடுத்து, இதை வைத்து எத்தனை விதமாகக் கட்டலாம் பார் என்று விட்டால் எத்தனாலும் டைமெத்தில் ஈதரும் இரண்டும் வந்து நிற்கும், நாம் வாயே திறக்க வேண்டாம்.

ஈத்தேனைக் கட்டி நடுக்குச்சியைச் சுற்றச் சொல்லுங்கள், வழவழவென்று சுற்றும். நிஜத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான், அந்தச் சுழற்சிக்கான தடை மோலுக்குச் சுமார் 12 கிலோஜூல்தான், அறை வெப்பமே போதும். அடுத்து எத்திலீனைக் கட்டி வளைகுச்சி இரண்டையும் போட்டுச் சுற்றச் சொல்லுங்கள், சுற்றாது, முறுக்கினால் குச்சி கழன்று வரும். இரட்டைப் பிணைப்பில் இரண்டாவதாக வருகிற பை பிணைப்பை உடைக்காமல் சுற்ற முடியாது என்று புத்தகத்தில் ஒரு பத்திக்கு எழுதியிருப்பதை விரல் ஒரு நொடியில் புரிந்துகொள்கிறது. இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் தொகுதிகள் நிற்கிற சிஸ், எதிரெதிர்ப் பக்கம் நிற்கிற டிரான்ஸ் இரண்டும் ஏன் வெவ்வேறு பொருள்கள் என்ற கேள்விக்கு அப்புறம் வேலையே இல்லை.

ஆனால் இங்கேதான் முதல் கோளாறும். வளைகுச்சி ஒற்றைக்குச்சியைவிட நீளம், அதனால் இரட்டைப் பிணைப்பு போட்ட இரண்டு கார்பன்களும் ஒற்றைப் பிணைப்பில் இருப்பதைவிடத் தள்ளி நிற்கிறது போலத் தெரிகிறது. நிஜம் நேர்த் தலைகீழ். கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பு 154 பிக்கோமீட்டர், இரட்டை 134, முப்பிணைப்பு 120. எலக்ட்ரான் ஜோடி கூடக்கூட அணுக்கள் நெருங்குகின்றன. அதோடு இரண்டு வளைகுச்சியும் ஒரே மாதிரி இருப்பதால் இரண்டு பிணைப்பும் சமபலம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 348 கிலோஜூல் வேண்டும், இரட்டைக்கு 614 தான், இரண்டு மடங்கு வரவில்லை. நேருக்கு நேர் மேற்பொருந்துகிற முதல் பிணைப்பான சிக்மா கெட்டி, பக்கவாட்டில் பொருந்துகிற பை அதைவிட நோஞ்சான், அதனால்தான் புரோமின் வந்தால் எத்திலீன் உடனே வாய் திறக்கிறது. இதைப் பெட்டி சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பென்சீனும் அதே கதைதான். ஒன்று விட்டு ஒன்று இரட்டைக்குச்சி போட்டு ஆறு கார்பனையும் வளையமாக்கலாம், பார்க்க அழகாக இருக்கும், மேசையில் வைத்துப் போட்டோ எடுக்கத் தோன்றும். நிஜ பென்சீனில் ஆறு பிணைப்பும் ஒரே நீளம், 139 சொச்சம் பிக்கோமீட்டர், ஒற்றையும் இல்லை இரட்டையும் இல்லை. குச்சியால் உடனிசைவைக் காட்ட முடியாது, அது குச்சியின் குற்றமும் இல்லை. ஆறு எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கப் பரவியிருக்கின்றன என்றால் அதற்கு எங்கே துளை போடுவது?

எனக்கு இந்தப் பெட்டியில் ரொம்பப் பிடித்தது வளையப் புரோப்பேன். மூன்று கார்பனையும் முக்கோணமாக இணைக்கப் பார்த்தால் குச்சி வளையும், உருண்டை திமிறும், ஒரு பக்கம் மாட்டினால் இன்னொரு பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். 109.5 டிகிரிக்குப் போட்ட துளையை 60 டிகிரிக்கு இழுத்தால் அப்படித்தான். அந்த விரல்வலிதான் வளையத் தகைவு, மோலுக்குச் சுமார் 115 கிலோஜூல். அடுத்து ஆறு கார்பன் வளையத்தைக் கட்டச் சொல்லுங்கள், அது தானாகவே நாற்காலி வடிவத்துக்கு வந்து உட்காரும், எங்கேயும் இறுக்கமே இருக்காது. இந்த ஒரு பாடத்துக்காகவே சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன்.

தண்ணீருக்கு வருவோம். சிவப்பு உருண்டையில் இரண்டு துளையும் 109.5-க்கே போட்டிருக்கிறார்கள். நிஜக் கோணம் 104.5. ஐந்து டிகிரிக்கு யார் அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கேட்கலாம். அந்த ஐந்து டிகிரி ஏன் குறைகிறது என்பதுதான் பாடமே. ஆக்சிஜனில் பிணைப்பில் சேராத இரண்டு ஜோடி எலக்ட்ரான்கள் உட்கார்ந்திருக்கின்றன, அவை பிணைப்பு ஜோடிகளைவிட அதிக இடம் எடுத்துக்கொண்டு இரண்டு ஹைட்ரஜனையும் நெருக்கித் தள்ளுகின்றன. ஒரு தனித்த ஜோடி உள்ள அம்மோனியாவில் 107, ஒன்றுமே இல்லாத மீத்தேனில் 109.5. பெட்டியில் தனித்த ஜோடிக்கென்று ஒரு துண்டுகூடக் கிடையாது. ஆக்சிஜனின் அந்தப் பக்கம் மொழுமொழுவென்று காலியாக இருக்கிறது. காலி என்றே பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் விலை கூடின பெட்டிகளில் தனித்த ஜோடிக்கு இறகு வடிவத்தில் துண்டு வருகிறது, காசு இருந்தால் அதைப் பாருங்கள்.

நீல உருண்டையில் மூன்றே துளை இருப்பதால் அம்மோனியம் அயனியைக் கட்டவே முடியாது. அம்மோனியா தன்னிடமுள்ள தனித்த ஜோடியைக் கொடுத்து, எலக்ட்ரானே இல்லாமல் வருகிற ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொள்கிறது, ஜோடியின் இரண்டு எலக்ட்ரானும் ஒரே அணுவிலிருந்து வருகிறது, இதைத்தான் ஈதல் சகப்பிணைப்பு என்கிறோம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் போடுகிற நவச்சாரம் அம்மோனியம் குளோரைடுதான், அந்த ஒரு பொருளில் சகப்பிணைப்பு, ஈதல் பிணைப்பு, அயனிப்பிணைப்பு மூன்றும் இருக்கின்றன. எல்லா வகையும் செய்யலாம் என்று அட்டையில் போட்டுக்கொள்கிற பெட்டியால் நவச்சாரத்தில் பாதியைக்கூடச் செய்ய முடியவில்லை.

சரி, என் முக்கியமான புகார் இனிமேல்தான். அந்தச் சாம்பல் உருண்டையை எடுத்து, பச்சை உருண்டையில் ஒரு குச்சி போட்டுச் செருகி, இதுதான் சோடியம் குளோரைடு என்று துண்டுச் சீட்டில் படம் போட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்புப் படிகத்தில் அப்படி ஒரு ஜோடி மூலக்கூறு கிடையாது, எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரின் சொந்தம் என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு சுற்றி நிற்கும், ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் சுற்றி நிற்கும், ஒன்றுக்கொன்று 282 பிக்கோமீட்டர் தூரத்தில். இழுவிசை எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இருக்கிறது, குச்சி போட்டுக் காட்டுவதற்கு ஒரு தனித் திசையே இல்லை.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. எலக்ட்ரானைக் கொடுத்தால் சோடியத்துக்கு சந்தோஷம், வாங்கினால் குளோரினுக்கு சந்தோஷம், அதனால் பிணைப்பு என்கிற கதையை இந்தப் படம் உறுதிப்படுத்திவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சோடியம் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவு, அதைக் குளோரின் அணு வாங்கிக்கொள்ளும்போது கிடைப்பது 349 தான். 147 கிலோஜூல் நஷ்டம். போதாததற்கு, சோடியம் உலோகத்தை முதலில் தனி அணுவாக ஆவியாக்க 108, குளோரின் மூலக்கூற்றைப் பிளந்து ஒரு மோல் அணு எடுக்க 121. இவ்வளவு நஷ்டத்தையும் அடைத்து லாபம் காட்டுவது படிகக்கூடு ஆற்றல், அயனிகள் எல்லாம் வந்து அடுக்கில் உட்காரும்போது வெளிவருகிற 787 கிலோஜூல். கூட்டிக் கழித்தால் மோலுக்கு 411 கிலோஜூல் வெளியேறுகிறது, பட்டியல் புத்தகத்தில் இருப்பதும் அதேதான். அப்படியென்றால் உப்பை உப்பாக வைத்திருப்பது அந்தக் கூட்டம், தனி ஜோடி இல்லை. கூட்டத்தை விட்டுவிட்டு ஒரு ஜோடியை மட்டும் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் பாடத்தின் தலையே போய்விடுகிறது. லூயிஸ் எலக்ட்ரான் ஜோடியைப் பற்றி எழுதிய அதே 1916-ல்தான் கோசெல் என்கிற ஜெர்மானிய இயற்பியலாளர் அயனிப்பிணைப்பை விளக்கினார். இந்தப் பெட்டிக்குள் லூயிஸ் மட்டும்தான் இருக்கிறார், கோசெலுக்கு இடமில்லை.

நான் என்ன செய்கிறேன் என்றால், சாம்பல் உருண்டையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கிற தெர்மகோல் பந்துகளை இரண்டு அளவில் வாங்கி ஒரு சாக்லேட் டப்பாவுக்குள் மாற்றி மாற்றி அடுக்கச் சொல்கிறேன். சோடியம் அயனியின் ஆரம் 102, குளோரைடுக்கு 181, அதனால் ஒன்று இன்னொன்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். அடுக்கி முடித்ததும் ஒரு வரிசையை மட்டும் ஒரு பந்து அளவுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். சோடியத்துக்கு நேராக சோடியம், குளோரைடுக்கு நேராக குளோரைடு வந்து நிற்கும். கல்லுப்பைச் சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் ஏன் பட்டென்று பிளக்கிறது என்பதற்கு அதுதான் பதில். ஒரே மின்சுமைகள் நேருக்கு நேர் வந்தால் ஒன்றையொன்று தள்ளிவிடும். கூடவே ஒரு செம்புக் கம்பியையும் தட்டச் சொல்வேன், அது பிளக்காது, தகடாகும். செம்பு அயனிகளின் வரிசை நகர்ந்தாலும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகிற எலக்ட்ரான்கள் கூடவே நகர்ந்து பிடித்துக்கொள்கின்றன, அந்த எலக்ட்ரான்கள்தான் மின்சாரத்தையும் கடத்துகின்றன. உலோகப்பிணைப்புக்குப் பெட்டியில் ஒன்றுமே இல்லை, உண்மையில் இருக்கவும் முடியாது. உலோகப்பிணைப்பு என்று ஒரே பெயர் வைத்தாலும் பாதரசம் மைனஸ் 39 டிகிரியிலேயே உருகிவிடுகிறது, டங்ஸ்டன் 3,422 டிகிரி வரை பிடிவாதம் பிடிக்கிறது, அந்த வித்தியாசத்தை எந்தக் குச்சியில் காட்டுவார்கள்?

பெட்டி இன்னொரு விஷயத்தையும் மறைக்கிறது, எல்லாக் குச்சியும் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாப் பங்கீடும் சரிபாதி என்ற எண்ணம் வருகிறது. ஹைட்ரஜன் மூலக்கூற்றில் சரிபாதிதான், ஹைட்ரஜன் குளோரைடில் எலக்ட்ரான் ஜோடி குளோரின் பக்கம் சாய்ந்திருக்கும். பிணைப்பு எலக்ட்ரானை ஓர் அணு தன் பக்கம் இழுக்கிற திறன்தான் எலக்ட்ரான் கவர்தன்மை, பாலிங் அளவுகோலில் அது ஹைட்ரஜனுக்கு 2.20, குளோரினுக்கு 3.16, சோடியத்துக்கு 0.93. வித்தியாசம் கூடக்கூடப் பங்கீடு மெல்ல மெல்லக் கொடுக்கல் வாங்கலாக மாறுகிறது, நடுவில் வேலி கிடையாது. 1.7-க்கு மேல் போனால் அயனி என்று நாம் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம், ஹைட்ரஜன் ஃபுளோரைடு அந்தக் கோட்டைத் தாண்டி 1.78-ல் இருந்துகொண்டு 19.5 டிகிரியில் கொதித்துப் போகிறது, உப்பு மாதிரி 801 டிகிரி வரை உருகாமல் உட்கார்ந்திருக்கவில்லை. தேர்வுக்கு அந்த எண் போதும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

ஹைட்ரஜன் பிணைப்புக்கு நான் தையல் நூல் வைத்துக்கொள்கிறேன். தண்ணீர் மூலக்கூறுகளைக் கட்டி, ஒன்றின் வெள்ளை உருண்டையை இன்னொன்றின் சிவப்போடு நூலால் தளர்வாகக் கட்டிவிடுவது. குச்சிக்கும் நூலுக்கும் உள்ள வித்தியாசம் பலத்திலும் ஏறக்குறைய சரியாக வருகிறது, ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சகப்பிணைப்பு 463 கிலோஜூல், ஹைட்ரஜன் பிணைப்பு சுமார் 20. தண்ணீர் கொதிக்கும்போது அறுவது நூல், குச்சி இல்லை. இதைப் பார்த்த பிறகு, கொதித்தால் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியும் என்று எழுதுகிற பிள்ளை குறைந்துவிட்டது. அந்த நூல் மட்டும் இல்லையென்றால் தண்ணீரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி மைனஸ் 60 டிகிரிப் பக்கத்திலேயே ஆவியாகியிருக்கும்.

ஒரு விஷயத்தில் பெட்டி தெரியாமலேயே நல்லது செய்கிறது. குச்சியைப் பிடுங்க பலம் வேண்டும். பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்கிற தவறான எண்ணம் பிளஸ் டூ வரைக்கும் கூடவே வருகிறது, அதைப் போக்க இதுவே போதும். ஹைட்ரஜனையும் குளோரினையும் கட்டிவைத்து, பிடுங்கு, இப்போது 436-ம் 243-ம் செலவு, மாற்றி மாட்டு, இரண்டு ஹைட்ரஜன் குளோரைடுக்குத் தலா 431 வரவு, மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் 183 என்று பதில் வரும். மாட்டும்போதும் விரலால் அழுத்த வேண்டியிருக்கிறது என்பதுதான் ஒரே உறுத்தல், நிஜத்தில் அந்த இடத்தில் அவை தாமாகவே போய் விழும்.

தரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உருண்டைகள் கெட்டி, நிறம் போகவில்லை. வளைகுச்சிகள்தான் நாளாக நாளாக வெளுத்து மடிப்பு விழுகின்றன, ஒன்றிரண்டு முறிந்தும் போயின, உதிரியாகக் கேட்டால் முழுப் பெட்டியாகத்தான் தருவோம் என்கிறார்கள். கறுப்பு உருண்டைகள் போதாது, பென்சீனும் குளுக்கோஸும் ஒரே நேரத்தில் கட்ட முடியவில்லை. வைரத்தின் ஒரு துண்டையாவது கட்டிக்காட்ட வேண்டும் என்றால் இரண்டு பெட்டி வேண்டும், நண்பர்கள் இருவர் சேர்ந்து ஆளுக்கொன்று வாங்கினால் வசதி. டப்பாவில் அறைகள் கிடையாது, எல்லாம் ஒரே குவியல், கீழே கொட்டினால் வெள்ளை உருண்டைகள் கட்டிலுக்கடியில் போய்விடும். வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் அந்த வெள்ளை உருண்டைகள் வாய்க்குள் போகிற அளவு, கவனம்.

பிளஸ் ஒன் பிள்ளைக்கு, கரிம வேதியியல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வாங்குங்கள். பத்தாம் வகுப்புக்கு அவசரமில்லை. துண்டுச் சீட்டைப் பிள்ளை கையில் கிடைப்பதற்கு முன்பே கிழித்துப் போட்டுவிடலாம், அந்த உப்புப் படத்துக்காக. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், தனித்த ஜோடித் துண்டும் நான்கு துளை நைட்ரஜனும் சேர்த்து இதே விலைக்கு யாராவது விற்றால் சொல்லுங்கள், அன்றைக்கே ஆர்டர் போடுகிறேன்.